மேடு இல்லாத ஊர்க்காரி

ஜனவரி 3, புதன்

மலைக்குப் போகிறவர்கள் தினமும் சைக்கிள் ஓட்டியதை எழுதி வைக்க வேண்டுமாம். ரெஜினா டீச்சர் உத்தரவு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டி மிரட்டி அவளுக்கு அதே பழக்கமாகிவிட்டது. சரி, எழுதுகிறேன். இன்று விடியற்காலை திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போய்த் திரும்பினேன். வாடைக்காற்று. வழியில் மேடு என்று பார்த்தால் ரயில்வே கேட் பக்கம் சாலை லேசாகத் தூக்கும். அதுவும் போகிற வேகத்தில் தெரியாது.

பிப்ரவரி பதினெட்டு, கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. நாமக்கல் பக்கத்துச் சைக்கிள் சங்கம் ஒன்று நடத்துகிற மலை ஓட்டம். சேந்தமங்கலத்தில் காலையில் கிளம்பி, மலை ஏறி, மேலே செம்மேட்டில் கையில் முத்திரை குத்திக்கொண்டு, அதே வழியில் இறங்கி, பகல் ஒரு மணிக்குள் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். எங்கள் சைக்கிள் கூட்டத்தில் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். நான், டீச்சர், முத்துப்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹமீது அண்ணன். மூவரும் வாழ்நாளில் மலையில் சைக்கிள் ஓட்டியதில்லை. நான் மலையைப் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பஸ் ஜன்னல் வழியாக. வாந்தி எடுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பன்னிரண்டாம் தேதி மஸ்கட்டிலிருந்து வருகிறார். இந்தத் தடவை திரும்பிப் போகிற டிக்கெட் கிடையாது.

ஜனவரி 7, ஞாயிறு

கோடியக்கரை போனோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ஊருக்கு ஊர் ஆள் மாற வேண்டும். நான் மாறுவதில்லை. முன்னால் போவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

"தங்கச்சி, செத்த பின்னால வாங்க. நானும் ஒரு ஆம்பளதான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்!" என்று ஹமீது அண்ணன் கத்தினார். காது கேட்காத மாதிரி மிதித்தேன்.

அகஸ்தியன்பள்ளி உப்பளத்தைத் தாண்டியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இதுதான் நம்ம ஊர் மலை என்று டீச்சர் சொன்னாள். இருக்கிறதிலேயே கனமான கியரைப் போட்டுக்கொண்டு, எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்தால் மலை ஏறுவதற்குச் சமமாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் மொபைலைக் காட்டுகிறாள்.

ஜனவரி 10, புதன்

தபால் ஆபீஸிலிருந்து வந்து கீழ் அறையை ஒழித்தேன். பீரோவில் அவருக்கு இரண்டு தட்டு. என் சைக்கிள் சட்டை, பம்ப், ட்யூப் எல்லாம் அட்டைப்பெட்டிக்குப் போயின. கட்டிலுக்கு இரண்டாவது தலையணை இருக்கிறது, உறை இல்லை. கடையில் ஒன்று மட்டும் கேட்டேன். "ஜோடியாவே எடுத்துக்கங்கம்மா" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் பார்த்தால் பழைய உறைக்கும் புதிய உறைக்கும் நிறம் சேரவில்லை.

எனக்கு ஒன்றும் பதற்றமில்லை. வீட்டைச் சுத்தம் செய்தால் யாருக்கும் இடுப்பு வலிக்கும்.

ஜனவரி 12, வெள்ளி

வந்துவிட்டார். மகள் கயல் திருச்சியில் படிப்பதால் அவளும் விமான நிலையத்துக்கு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதிமூன்று வருடம் பாலைவனத்தில் ட்ரெய்லர் ஓட்டிய மனுஷன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவு. கணக்குப் பார்த்தால் அந்தப் பதிமூன்றில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஒரு வருடம்கூடத் தேறாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுது."

"நீ சைக்கிள் ஓட்டுறேன்னு போன்ல சொன்னப்ப மார்க்கெட்டுக்குன்னுல்ல நெனச்சேன்? இதுல கூடைகூட இல்லையே."

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஓட்டவில்லை. கால் இரண்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 19, வெள்ளி

ஐந்தரைக்குக் கிளம்பினால் ஐந்துக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எதற்கு எழுந்தீர்கள் என்றால் தூக்கம் வரவில்லை என்கிறார். டீ போட்டு வைக்கிறார். சர்க்கரை அள்ளிக் கொட்டிய டீ. ஓட்டுவதற்கு முன்னால் நான் டீ குடிப்பதில்லை என்று எத்தனை தடவை சொல்வது? குடித்துவிட்டுத்தான் போனேன். வயிற்றில் குலுக் குலுக்கென்று ஆலங்காடு வரை ஆடியது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எத்தனை மணிக்கு வருவே?" என்கிறார். "வருவேன்" என்றேன். போகிற வழியில் மூன்று தடவை போன். முதல் தடவை, பால்காரருக்கு எத்தனை பாக்கெட் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, மோட்டார் சுவிட்ச் எது. மூன்றாம் தடவை எடுத்ததும், "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் என் சமையலறை டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. உயரப்படி அடுக்கியிருக்கிறாராம். கடுகைத் தேடிப் பத்து நிமிடம் போயிற்று, ஆபீஸுக்கு லேட்.

ஜனவரி 26, வெள்ளி

ஆபீஸில் கொடியேற்றம் முடிந்ததும் ஓடிவந்து சைக்கிளை எடுத்தேன். அறுப்புக் காலம். சாலையில் பாதியை நெல்லைக் கொட்டி அடைத்துவிட்டார்கள், மீதியில் அறுப்பு மெஷின் வருகிறது. வாய்க்கால் கரை மண்பாதையில் இறங்கினோம். பனி ஈரத்தில் களிமண் வழுக்கியது. டீச்சர் தெரியாமல் முன் பிரேக்கைத் தொட்டுவிட்டாள், அப்படியே மடை ஓரத்தில் கவிழ்ந்தாள்.

"மாதாவே!" என்று அவள் கத்தினதில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும், முன் பிரேக்கைத் தொடக்கூடாது. களிமண்ணில் தொட்டால் குப்புறத்தான். அப்பா எனக்குச் சைக்கிள் பழக்கும்போது முன் பிரேக் கம்பியைக் கழற்றியே போட்டிருந்தார். ஹமீது அண்ணனுக்கு இப்போதும் இடது கை விரல் மட்டும்தான் பிரேக்குக்குப் போகும், பின் சக்கரத்துக்கு. எனக்கும் அப்படித்தான். அதனால் என்ன, இந்தத் தட்டையான ஊரில் பிரேக்குக்கு வேலை ஏது? மிதிப்பதை நிறுத்தினாலே காற்று நிறுத்திவிடும்.

பிப்ரவரி 2, வெள்ளி

சண்டை. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதாவிட்டால் தூங்க முடியாது போலிருக்கிறது.

ஆபீஸ் விட்டு வந்து மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். மலைக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது, ஓட்ட வேண்டாமா? அவர் ஈஸிச்சேரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலதானே போனே?"

"அது காலையில."

"அரசி, இதை இத்தோட விட்டுறலாம்ல? நான்தான் வந்துட்டேன்ல?"

என்ன அர்த்தம் இதற்கு? அவர் வந்துவிட்டால் நான் எதை விட வேண்டும்? அவர் இல்லாததற்கு நான் சைக்கிள் ஓட்டினேனா? அப்படி யார் சொன்னது? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"இந்த மலைய நான் நேரத்துக்குள்ள முடிக்கலன்னா சைக்கிளைத் தூக்கி உங்க தங்கச்சி மகளுக்குக் கொடுத்துடுறேன். அதோட விட்டுடுறேன். போதுமா?"

அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "சரி" என்றார். டப்பென்று சொன்னார்.

இருட்டும்வரை ஓட்டினேன். எவ்வளவு தூரம் என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

மன்னார்குடியிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, அண்ணன் சொன்னிச்சு. சைக்கிள் நல்லா இருக்கும்ல? தாரணிக்குக் கால் எட்டுமா?" பின்னாலிருந்து அவள் மகள் தாரணி, "அத்தை, பிங்க் பெயின்ட் அடிச்சுக்கலாமா?"

நாலு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சென்னையிலிருந்து வரவழைத்து, சொந்தக் கையால் துடைத்து வைத்திருக்கிற சைக்கிள். பிங்க்!

முடித்தே தீருவேன்.

பிப்ரவரி 5, திங்கள்

சாப்பிடும்போது ஓமன் மலைச்சாலைகளைப் பற்றிச் சொன்னார். தானாக ஆரம்பித்தார். நிஸ்வாவுக்கு மேலே ஒரு மலையாம், ஏறும்போது இஞ்சின் அழும், இறங்கும்போது டிரைவர் அழுவான் என்று சிரித்தார். ஒரு தடவை வண்டி கவிழ்ந்ததைச் சொல்ல வாயெடுத்தார், நிறுத்திவிட்டு ரசம் கேட்டார்.

அந்த வருடம் எனக்குத் தெரியும். பதினோரு நாள் போன் வரவில்லை. அப்புறம் யாரோ ஒரு மலையாளி பேசினார், காலில் கட்டுப் போட்டிருக்கிறது, பயமில்லை என்றார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை. கயலுக்கும் சொல்லவில்லை. அந்த மாதம்தான் அவளுடைய பள்ளிக்கூட சைக்கிளை மாடிப்படிக்குக் கீழிருந்து இழுத்துத் துடைத்துக் காற்றடித்தேன். வீட்டுக்குள் உட்கார முடியவில்லை, வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கடைசி நீளப் பயிற்சி. பாலம் பாலமாகத் தேடித் தேடி ஏறினோம். ஒரு பாலத்தில் ஏறி இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறி இறங்கி, பக்கத்துக் குளத்தில் துணி துவைத்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "எதையோ தொலச்சுட்டாங்கடி" என்றாள் ஒருத்தி.

மூவரும் எங்கள் வீட்டில் டிபன் சாப்பிட்டோம். அவர்தான் தோசை ஊற்றினார், நன்றாகவே ஊற்றினார். ஹமீது அண்ணன் தன் காரிலேயே சைக்கிள்களை ஏற்றிப் போகலாம் என்றார். "சிங்காரவேலு மாப்ளே, வண்டிய நீங்க ஓட்டுங்க. நான் ஓட்டுனா மலைக்கு முன்னாடியே கால் வலிச்சிரும்." இவர் முகத்தில் வந்து இறங்கியதிலிருந்து காணாத ஒரு வெளிச்சம். சரிங்க மச்சான் என்று உடனே சொன்னார்.

அப்புறம் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஏறிருவீங்க, சரி. எறங்குறதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "எறங்குறதுக்குப் பெடலே வேணாம்ணே" என்றாள் டீச்சர்.

"இல்லம்மா. ஏறுன கியர்லயே எறங்கணும். அப்பதான் வண்டி புடிக்கும்."

"சைக்கிள்ல இஞ்சினா இருக்கு, கியர் புடிக்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 15, வியாழன்

சங்கிலி, சக்கரம், கியர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டேன். முன் பிரேக் கம்பி உப்புக்காற்றில் இறுகிப்போய்க் கிடந்தது. அதற்கும் ஒரு சொட்டு விட்டு, அழுத்திப் பார்த்தேன். பிடிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 17, சனி, சேந்தமங்கலம்

வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் இவரும் ஹமீது அண்ணனும் ஒரே பேச்சு. வண்டி ஓட்டும்போது இவர் வேறு ஆள். தோள் நிமிர்ந்துவிடுகிறது, பாட்டெல்லாம் வருகிறது. நான் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

துறையூர் தாண்டியதும் வலது பக்கம் மலை தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். "மேகமில்ல, அதான் மலை" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

முழங்கை மடங்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். முழங்கையில் மருந்து காய்கிறது. இருந்தது இருந்தபடி எழுதிவிடுகிறேன்.

காரவள்ளி வரை தரை. அதில் நான் எல்லோரையும் தாண்டிப் போனேன், சேலத்துப் பையன்கள்கூடப் பின்னால்தான். முதல் வளைவு வந்தது. பலகையில் எழுபதில் ஒன்று என்று போட்டிருந்தது. ஐந்தாவது வளைவுக்குள் அந்தப் பையன்கள் எல்லாம் என்னைத் தாண்டி, பேசிக்கொண்டே போனார்கள். பேசிக்கொண்டே! எனக்கு மூச்சு விடுவதற்கே வாய் போதவில்லை.

மலையில் காற்று கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. யார் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாலும் ஒன்றும் மிச்சமில்லை, யாருக்கு முன்னால் போனாலும் பெருமையில்லை. அவரவர் பாடு அவரவருக்கு. டீச்சர் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹமீது அண்ணன் பாதி மலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "தங்கச்சி, எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் நிற்கவில்லை. மிதிக்க மிதிக்கக் கண்ணுக்கு முன்னால் பிங்க் நிறம் தெரிந்தது. அந்த "சரி" காதில் கேட்டது. அந்தக் கோபத்திலேயே ஏறினேன். எழுபதாவது வளைவு வரை கால் தரையில் படாமல் ஏறினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

செம்மேட்டில் முத்திரை குத்திய பெண், "மேடம், நெறைய நேரம் இருக்கு, அன்னாசி சாப்பிட்டுட்டு மெதுவா எறங்குங்க" என்றாள். சாப்பிட்டேன். அப்படி ஒரு இனிப்பு. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன். போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தால் சிக்னல் இல்லை.

இறக்கம்.

மிதிக்காமலே சைக்கிள் போகிறது. போகிறது என்றால் பிடுங்கிக்கொண்டு போகிறது. வாழ்க்கையில் நான் ஓட்டாத வேகம், வளைவுக்கு வளைவு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. என் இடது கை பின் பிரேக்கைப் பிடித்தது, பிடித்தது பிடித்தபடியே இருந்தது. வலது கை முன் பிரேக்குக்குப் போகவே இல்லை. போ போ என்று நானே சொல்கிறேன், விரல் நகர மாட்டேன் என்கிறது. நாற்பது வருடப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். யார் வண்டியோ என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் டமார் என்று பின் ட்யூப் வெடித்து, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தடுப்புச் சுவர் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சக்கரத்தைத் தொட்டதும் விரல் சுட்டுக் கொப்பளித்தது. டீச்சர் பின்னால் வந்து நிறுத்தினாள். அவள் அன்று மடையில் விழுந்ததிலிருந்து எல்லா பிரேக்கையும் பயந்து பயந்து தொட்டுத் தொட்டு விடுகிறவள், அதுவே அவளைக் காப்பாற்றியிருக்கிறது. கூட இருக்கிறேன் என்றாள். "நீ போடி, நீயாவது நேரத்துக்குள்ள போய்ச் சேரு" என்று விரட்டினேன். ட்யூப் மாற்றினேன். பிரேக் கட்டையைப் பார்த்தால் பின்னால் ரப்பரே இல்லை, உருகி இரும்பு தெரிந்தது. இனி முன் பிரேக் ஒன்றுதான்.

ஏறி உட்கார்ந்தேன். இறங்கிவிட்டேன். மறுபடி ஏறினேன். நாற்பத்துச் சொச்சம் வளைவு பாக்கி இருக்கிறது, கையில் நேரம் இருக்கிறது, சைக்கிள் ஓடும். எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை. தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏறும்போது ஒரு இடத்திலும் கால் ஊன்றாதவள், இறங்கும்போது நடந்தேன்.

சாலை சாய்வு குறைந்த இடங்களில் உட்கார்ந்து, முன் பிரேக்கைக் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு நூறு அடி போய், மறுபடி இறங்கி நடந்தேன். ஒரு குரங்கு சுவரில் உட்கார்ந்து பார்த்தது. போகிற பஸ்ஸில் ஒரு அம்மா கை நீட்டி, "ஏறுறதுக்குத்தான் தள்ளுவாங்க, இது என்னா எறங்குறதுக்குத் தள்ளுது!" என்று பக்கத்து சீட்டுக்குக் காட்டினார். மணி பன்னிரண்டரை ஆனபோது புரிந்துவிட்டது. ஒரு மணியும் அடித்துவிட்டது. சங்கத்து வேன் வந்து நின்றது. உள்ளே ஹமீது அண்ணன் தலை தெரிந்தது. "மேடம், டைம் முடிஞ்சிருச்சு, ஏறிக்கங்க" என்றான் டிரைவர். மாட்டேன் என்றேன். "தங்கச்சி, ரத்தம் வருது" என்றார் அண்ணன். வரட்டும் என்றேன். ஏன் ஏறவில்லை என்று தெரியாது. ஏறினால் சைக்கிளைக் கழற்றிப் போட்டு எடுத்துப் போவார்கள், அப்படியே மன்னார்குடிக்குப் போய்விடும் என்று தோன்றியது. பைத்தியம் மாதிரி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். வேன் மிச்ச ஆட்களைத் தேடி மேலே போய்விட்டது.

இன்னும் கொஞ்சம் இறங்கினதும், ஒரு வளைவில் ஒருவர் தடுப்புச் சுவரில் கை ஊன்றிப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி. ரப்பர் செருப்பு. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"என்னங்க?"

திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. வந்து என் கையைப் பிடித்து, முழங்கையைத் திருப்பிப் பார்த்து, தலையைத் தொட்டுப் பார்த்து, காலைப் பார்த்தார்.

"எதுக்கு நடந்து வர்றீங்க? வேன்ல வந்திருக்கலாம்ல?"

"வேன்ல வந்தா நீ எந்தப் பள்ளத்துல கெடக்குறேன்னு எப்படித் தெரியும்? கீழேர்ந்து ஒவ்வொரு வளைவா எட்டிப் பாத்துட்டு வர்றேன்."

"டீச்சர் சொல்லலையா?"

"நீ விழுந்துட்டே, ட்யூப் மாட்டுறேன்னிச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஆளக் காணும். வர்றவங்க எல்லாம் வர்றாங்க, நீ வரல. போன் அடிக்கிறேன், அடிக்கிறேன், லைனே கெடைக்கல." குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. போனில் கேட்டிருக்க முடியாது, அவர் எப்போதும் சத்தமாகப் பேசுவார்.

சுவரில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சைக்கிளை விடவில்லை.

"அரசி."

"ம்."

"ஒரு மணி நேரம் என்னால அங்க நிக்க முடியல. நீ பதிமூணு வருஷம் எப்படி இருந்தே?"

பதிமூன்று வருடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. கயல் கேட்டதில்லை. நாத்தனார் கேட்டதில்லை. என் அம்மா கேட்டதில்லை. ஆபீஸில், தெருவில், கல்யாண வீட்டில், எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார்கள். நல்லா இருக்கார் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"சைக்கிள் ஓட்டுனேன்!" என்றேன். கத்தித்தான் சொன்னேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும். அப்புறம் அழுகை வந்துவிட்டது, சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை, ஓவென்று. பைக்கில் போன இரண்டு பேர் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் துண்டை நீட்டினார். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன்.

"சைக்கிளைத் தர மாட்டேன்."

"சொன்னியேம்மா."

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். தர மாட்டேன். உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன். வார்த்தை மாறிட்டான்னு சொல்லிக்கட்டும்."

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார், சின்னக் குரலில்: "அப்ப காலையில நீ போனதும் நான் என்ன பண்றது?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அப்படிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? எனக்கு ஒண்ணை நான் கண்டுபிடிச்சேன். உங்களுக்கு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

இறங்கி நடந்தோம். ஒரு கையால் அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டார், ஹேண்டில் என்னிடம். அடிவாரத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்ததற்கு எனக்கு யாரும் முத்திரை குத்தவில்லை. ஹமீது அண்ணன் சாம்பார் சாதம் எடுத்து வைத்திருந்தார், ஆறிப்போயிருந்தது. நேரத்துக்குள் வந்துவிட்ட டீச்சரும் சேர்ந்து நான்கு பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நாத்தனாருக்கு நானே போன் செய்தேன். தர முடியாது என்றேன். "தாரணி அழுவுறா அண்ணி" என்றாள். அழட்டும் என்று சொல்லிவிட்டு, வைத்தபிறகு பாவமாக இருந்தது. லீவுக்கு வந்தால் ஓட்டக் கற்றுத் தருவதாக மெசேஜ் போட்டேன். இரண்டு பிரேக்கும் பிடிக்கக் கற்றுத் தருவேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 23, வெள்ளி

முழங்கை மடங்குகிறது. முத்துப்பேட்டை வரை போனேன். கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பாதி வழியில் அது நிம்மதி மாதிரித் தெரியவில்லை.

ஏழரைக்கு வீடு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி ஜன்னலில். உள்ளே அவர் போன் மேசைமேல் சார்ஜில் கிடக்கிறது. செருப்பைக் காணோம். பால் பாக்கெட் வாசலில் அப்படியே இருந்தது. எதிர்வீட்டில் கேட்டேன், விடியறதுக்கு முன்னாலயே எங்கயோ போனாரே என்றார்கள். எங்கே? தெரியாது.

இட்லி ஊற்றினேன். எட்டாயிற்று. தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆபீஸுக்குப் புடவை மாற்றினேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். குளத்துக்குப் போயிருப்பாரா? நீச்சல் மறந்திருக்குமே. பஸ் ஏறியிருப்பாரா? எங்கே போவார், யாரைத் தெரியும் அவருக்கு இந்த ஊரில்? சைக்கிளை எடுத்து ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாமா என்று பூட்டைத் திறந்தேன்.

எட்டே முக்காலுக்கு வந்தார். கால் முழுக்கச் சேறு, நெற்றியில் வைக்கோல் தூசு, கையில் ஒரு கட்டு கீரை. அறுப்பு மெஷின் டிரைவர் ஒருவனோடு சிநேகமாகிவிட்டதாம், இரண்டு வயல் இவரே ஓட்டிக் கொடுத்தாராம், நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறானாம்.

"போனையாவது எடுத்துட்டுப் போகக் கூடாதா? எங்கன்னு நெனைக்கிறது ஒரு மனுஷி? வாசல்லயே நிக்கிறேன் ஒரு மணி நேரமா!"

கீரைக் கட்டைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நிறுத்த முடியாமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் முறைத்தேன், முறைக்க முடியவில்லை. இரண்டு பேருக்குமாகத் தட்டு வைத்தேன். ஆபீஸுக்கு லேட்.